ஐந்தாவது போல்ட்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஃபர்னஸ் அக்கா என் லேபுக்குள் வந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு போல்ட்டை மேஜை மேல் வைத்தார். மற்ற நாளில் வாசலிலேயே நின்று, "என்ன பட்டதாரி, தூக்கமா?" என்று ஒரு குத்து விட்டுத்தான் உள்ளே வருவார். அன்று குத்து இல்லை.

"இதுக்கு ஹார்ட்னஸ் பாரு."

பார்த்தேன். கடினம் நாற்பத்தைந்து. மூன்று வாரத்துக்கு முன் இதே போல்ட்டைச் சோதித்து நான் சான்றிதழ் கொடுத்தபோதும் அதே எண்தான். அன்று எண்ணெய் பூசி மங்கலாக இருந்தது. இன்று கடையில் விற்கும் புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"சரியாத்தானே இருக்கு அக்கா," என்றேன்.

"உன் மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்," என்று சொல்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் அங்கே சேர்ந்த நான்கு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

எங்களுடையது எஃகைச் சுட்டுப் பதப்படுத்தும் பட்டறை. கியர், அச்சு, ஸ்பிரிங் என்று ஊரெல்லாம் இருந்து சாமான் வரும். எஃகைச் சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கினால் கண்ணாடி போலக் கடினமாகும். கண்ணாடி போலவே உடையவும் செய்யும். அதை மறுபடி மிதமாகச் சுட்டு, அந்த முறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அதற்கு டெம்பர் என்று பேர். எவ்வளவு இறக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது.

பட்டறையின் மூன்று உலைகளையும் ஓட்டுபவர் அக்கா, ஃபர்னஸ் அக்கா என்ற பேர் அதனால்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உலையின் சூட்டை நோட்டில் எழுதும் வேலைக்கு எடுத்தார்களாம். எழுதிய ஆள் எழுதியதைப் படித்தும் பார்த்திருக்கிறார். கதவுப் பக்கம் வைத்த சாமான் மட்டும் அடிக்கடி திரும்பி வருகிறது, உள்ளே வைத்தது வருவதில்லை என்று மூன்றாவது மாதத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். எழுத வந்த பெண்ணுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று சிரித்தார்கள். அடுத்த முறை உலை திறந்தபோது மூன்று துண்டுகளில் தானே அடையாளம் கீறி, ஒன்றைக் கதவோரம், ஒன்றை நடுவில், ஒன்றைக் கோடியில் வைத்து எடுத்திருக்கிறார். கதவோரத் துண்டு அரத்துக்கு வழுக்காமல் தேய்ந்தது. மற்ற இரண்டிலும் அரம் வழுக்கியது, அவை சரியாகக் கடினமாகியிருந்தன. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போதும் இருக்கிறார்கள். அக்கா "எடு" என்று சொல்லாமல் அவர்கள் உலைக் கதவில் கை வைப்பதில்லை.

சாமான் முழுவதும் ஆறுவதற்கு முன் நன்றாக வந்திருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். யாராவது அவசரப்பட்டுக் கேட்டால், "பிள்ளை இன்னும் கண்ணே தொறக்கல, அதுக்குள்ள யார் ஜாடைன்னு கேக்கிறியா?" என்பார்.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தெருவில் அவருக்குப் பைலட் என்று பேர். கிண்டலாக வைத்த பேர்தான், ஆனால் பொய்யில்லை. பறக்கும் கிளப்பின் வண்டிகளை ரிப்பேர் பார்க்கப் போய், அங்கேயே ஒட்டிக்கொண்டு, உரிமமும் வாங்கியவர். பெண் பார்க்க வந்த அன்றே, "நான் ஒரு ஏரோப்ளேன் கட்டுவேன்," என்று சொன்னாராம். பிளாஸ்டிக்கில் ஏதோ பொம்மை என்று நினைத்துத்தான் தலையாட்டினேன் என்பார் அக்கா.

பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்காரும் விமானம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதினோரு வருஷம் கட்டினார். எலும்புக்கூடு முழுக்க மெல்லிய எஃகுக் குழாய். இறக்கைகள் வேலை முடியும் வரை வீட்டுக் கூடத்து உத்திரத்தில் தொங்கின. மழை நாளில் அக்கா துணி காயப்போட்டது விமானத்தின் முதுகெலும்பில். அதற்கு அக்கா வைத்த பேர் சின்னவ, இளைய தாரம் என்ற கிண்டலில். "மூத்தவ எனக்குச் சேலை கிழிஞ்சா ஊசி நூலு, சின்னவளுக்கு ஒரு கீறல் விழுந்தா வெல்டிங் மெஷினு," என்று எங்கள் முன்னாலேயே சொல்வார். பைலட் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

கிண்டல் ஒரு பக்கம் இருக்க, சின்னவளின் எஃகில் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு நெருப்பும் படக்கூடாது. ஒருமுறை மழை வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில், வெல்டு வைத்த குழாய் மூட்டின் மேல் அண்ணன் ஈரத்துணியைப் போட்டு ஆற வைத்துவிட்டார். அந்த ரகக் குழாயைக் காற்றில் தானாக ஆற விட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் வெல்டை ஒட்டிய இடம் முறுகி, அதிர்வில் விரிசல் விடும். சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துவிட்டார். அந்த மூட்டை அறுத்து எறிந்து புதிதாக வைக்கும் வரை மூன்று நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லையாம்.

இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடிப்பவை நான்கு போல்ட்டுகள். பக்கத்துக்கு இரண்டு. குழாய் மூட்டு ஒன்று போனால் மற்றவை கொஞ்ச நேரம் தாங்கும். இந்த நான்கில் ஒன்று போனால் யோசிக்க நேரம் இருக்காது. தரச் சான்றோடு வந்த நல்ல எஃகுக் கம்பியில் ஐந்து கடைந்து, அக்காவே சுட்டு, எண்ணெயில் முக்கி, டெம்பர் செய்தார். நான் சோதித்துச் சான்றிதழ் எழுதினேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா இன்றும் பெருவிரல்தான் வைக்கிறார். அதனால் என் கையெழுத்து மேல் எனக்கு ஒரு மோகம் உண்டு. அந்தத் தாளில் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். நான்கு இறக்கைக்கு, ஒன்று உபரி. கம்பி அதோடு தீர்ந்தது.

இப்போது என் மேஜை மேல் கிடந்தது அந்த உபரி.

நடந்ததை அக்கா சொன்னார். போன சோதனையின்போது, பறக்க அனுமதி தரும் விமான இன்ஸ்பெக்டர் வேறு ஒரு போல்ட்டில் துளித் துரு பார்த்து, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரி பைலட் அண்ணனைத் தூங்க விடவில்லை. திங்கட்கிழமை, ஐந்து போல்ட்டுகளையும் தெரிந்த முலாம் பட்டறைக்கு எடுத்துப் போய்த் துத்தநாக முலாம் போட்டுக் கொண்டு வந்தார். கேட் கீலோடும் ஜன்னல் கொக்கியோடும் சேர்த்து ஒரே தொட்டியில். செவ்வாய்க்கிழமை இறக்கையில் மாட்டினார். புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து, பளிச்சென்று இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, நான்கு நட்டு மேலும் சிவப்பு அரக்குச் சீல் வைத்து, பறக்க அனுமதி கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சின்னவ முதல் தடவையாக மேலே போகிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் மனைவிக்குக் காட்டிப் பெருமைப்பட உபரி போல்ட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். பாரு, வெள்ளி மாதிரி.

அக்காவுக்குப் பார்த்த நொடியே விளங்கிவிட்டது. எனக்கும் இப்போது விஷயம் புரிந்தது.

முலாம் போடும் முன் அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்வார்கள். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். கேட் கீலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது மென்மையான இரும்பு. ஆனால் இவ்வளவு கடினமாகப் பதப்படுத்திய எஃகில் அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, பாரம் ஏறியதும் மெல்ல விரிசலைத் தோண்டும். முலாம் போட்ட நாலு மணி நேரத்துக்குள் இருநூறு டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்து அதை வெளியேற்ற வேண்டும். திங்களுக்கு வெள்ளி நாலு நாள். இடையில் இறுக்கி முறுக்கி மாட்டியும் ஆகிவிட்டது. இனி சுட்டாலும் மிச்ச வாயு போகலாம்; ஏற்கெனவே விட்ட விரிசல் ஒட்டாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹார்ட்னஸ் அதேதான் காட்டும். இன்றைக்கு நன்றாகத் தாங்கும். நாளைக்கும் தாங்கலாம். ஏதோ ஒரு நொடியில் சொல்லாமல் கொள்ளாமல் தலை தெறித்துப் போகலாம்.

"கழட்டிப் பாத்துடலாமே அக்கா?"

"கழட்டணும்னா சீலை உடைக்கணும். சீலை உடைச்சா அனுமதி போச்சு. இன்ஸ்பெக்டர் திரும்ப வர மூணு மாசம்." கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "திங்கக்கிழமையோட அவரோட மெடிக்கல் சர்டிபிகேட் முடியுது. கண்ணு, சுகர் எல்லாம் மறுபடி பாப்பாங்க. இந்தத் தடவை தாண்ட மாட்டார்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சின்னவளை ஓட்டணும்னா அது இந்த ஞாயித்துக்கிழமைதான். பதினோரு வருஷம் தம்பி."

நேற்று ராத்திரியே சொல்லிப் பார்த்துவிட்டாராம். அண்ணன் நம்பவில்லை. நீ பதம் பண்ணின போல்ட்டு, இந்தத் தம்பி கையெழுத்துப் போட்ட போல்ட்டு, மேலே ஒரு பூச்சு பூசினால் உள்ளே எப்படிக் கெடும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "கெட்டுப் போச்சுன்னா உடைச்சுக் காட்டு," என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

"உடைச்சுக் காட்டுவோம்," என்றார் அக்கா.

துளை போட்ட தடித்த எஃகுக் கட்டை ஒன்று லேபில் இருந்தது. போல்ட்டை அதில் நுழைத்தோம். தலைக்கு அடியில் ஒரு பக்கம் சாய்வான வாஷர் வைத்தோம், இழுப்பதோடு சேர்த்து வளைக்கவும் செய்யும்படி. உடையும் பாரத்தில் முக்கால் பங்கு வருமாறு நான் கணக்குப் போட்டேன். அக்கா நட்டை முறுக்கினார். நல்ல போல்ட்டு இதில் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். கெட்டது எப்போதாவது உடையும். உடையும்போது தலை தோட்டா மாதிரி பறக்கும் என்பதால் மேலே ஒரு தகர வாளியைக் கவிழ்த்தோம். மணி பன்னிரண்டரை.

"எவ்வளவு நேரம் பாக்கணும்?" என்று கேட்டார்.

"முழுசாச் சொல்லணும்னா இருநூறு மணி நேரம்."

"நம்மகிட்ட நாப்பத்து மூணரை இருக்கு."

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை சத்தம் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சம்மட்டி விழுந்தால் வாளியைப் பார்த்தேன். தட்டு விழுந்தால் வாளியைப் பார்த்தேன். அக்கா உலைக்கும் லேபுக்கும் நடுவே நடந்தபடி இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே என் முகத்தைப் பார்ப்பார்; நான் தலையை இடமும் வலமும் ஆட்டுவேன். சாயங்காலம் ஒரு ஆள் தெரியாமல் வாளியை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போனான். அவனை நான் திட்டிய திட்டு எனக்கே புதிது.

உடைய வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொண்டிருந்தோம். தன் கையால் பதம் பண்ணிய சாமான் உடைய வேண்டும் என்று அக்கா வேண்டியது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் பைலட் அண்ணன் டிப்போவிலிருந்து நேராக வந்தார். காக்கிச் சட்டையில் கிரீஸ். வாளியைத் தூக்கிப் பார்த்தார், மெதுவாக வைத்தார். இருபத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவர் முகத்தில் வெற்றி இல்லை என்பதை நான் கவனித்தேன். அவரும் பயந்துதான் வந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணி வரைக்கும் டைம்," என்றார் அக்காவிடம். "அதுக்குள்ள உடைஞ்சா நானே சீலை உடைக்கிறேன். உடையலைன்னா நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்ஸ்பெக்டர்கிட்ட போகக் கூடாது. சம்மதமா?"

நான் வாயைத் திறந்தேன். இருநூறு மணி நேரம் என்பதைச் சொல்ல வந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சம்மதம்," என்றார்.

அவர் போன பிறகு, ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். அக்கா உலைக் கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் நின்றுவிடும், ஒரு போன் போதும். ஆனால் அதற்குப் பிறகு சாகும் வரை அந்த மனுஷர், பறந்திருப்பேன், இவள் கெடுத்தாள் என்று நினைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். "அந்தச் சோத்தை என்னால போட முடியாது," என்றார்.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை என்பதால் சனி மாலை கட்டையை வாளியோடு வீட்டுக்கு எடுத்துப் போனோம். கூடத்து மூலையில் வைத்தோம். இறக்கைகள் போய்விட்ட கூடம் விரிந்து கிடந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். அண்ணன் வாளிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அக்கா வாளியைப் பார்த்து உட்கார்ந்தார். தட்டில் கரண்டி படாமல் பரிமாறி, சத்தமில்லாமல் சாப்பிட்டோம். ஒரு தடவை சமையலறையில் மூடி ஒன்று சரிந்து விழுந்தது. அண்ணன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அக்கா எழுந்து போய்ப் பார்த்து, மூடிதான் என்றார். யாருக்காக வருத்தப்பட்டுச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் பழைய ஓடுதளத்தின் கொட்டகையில் இருந்தோம். நல்ல வானம். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. சின்னவ வெள்ளையும் நீலமுமாக, வாசலைப் பார்த்து நின்றாள். அவ்வளவு அழகாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இறக்கை உடலைச் சேரும் இடத்தில் நான்கு சிவப்பு அரக்குப் பொட்டுகள். தீயணைப்பு உருளையோடு கிளப்பின் காவலாளி தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டையை வாளியோடு தரையில் வைத்திருந்தோம். அண்ணன் எண்ணெய் பார்த்தார், பெட்ரோல் பார்த்தார், சுக்கானை ஆட்டிப் பார்த்தார். கையில் இருந்த தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். போல்ட்டு என்ற வரி வந்தபோதும் அடித்தார். பேனா மட்டும் ஒரு நொடி நின்றது.

எட்டு மணிக்கு வாளியைத் தூக்கினார். போல்ட்டு முழுதாக இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். தலைக்கு அடியில் விரலை ஓட்டினேன். ஒன்றுமில்லை.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

"பாத்தேன்," என்றார் அக்கா.

"தம்பி, படிச்சவன் நீ சொல்லு. இது நல்லா இருக்கா இல்லையா?"

நான்கு வருஷக் கல்லூரி, நான்கு வருஷ லேப். இரண்டும் சேர்ந்து எனக்குக் கொடுத்த பதில் ஒன்றுதான். "தெரியாது அண்ணே," என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் யாரிடமும் அவ்வளவு சுலபமாக நான் சொன்னதில்லை.

"உடையல. அதான் எனக்குத் தெரியும்," என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்தார்.

"பேச்சு பேச்சுதான். நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அக்கா. "இன்னொரு ஹெல்மெட்டு இருக்கா?"

"எதுக்கு?"

"ரெண்டு சீட்டு இருக்கே. நானும் வரேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "முதல் இருபத்தஞ்சு மணி நேரம் ஓட்டுறவன் மட்டும்தான். ரூலு."

"ரூல் இருக்கட்டும். ரூலே இல்லைன்னு வைங்க. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு மேல கூட்டிட்டுப் போவீங்களா?"

"இஞ்சின் புதுசு. மேல போய் நின்னுச்சுன்னா..."

"இஞ்சினைக் கேக்கல. இந்த நாலைக் கேக்கிறேன்."

அண்ணன் திரும்பிக்கொண்டார். இறக்கைக்கு அடியில் போய் நின்றார். ஒரு கையை இறக்கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்காக நீட்டிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. அவர் விளையாடவில்லை. அண்ணன் வா என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். பட்டையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தியிருப்பார். அதை நான் உணர்ந்த அதே நேரத்தில் அண்ணனும் உணர்ந்தார் என்று நினைக்கிறேன்.

காவலாளி தூரத்திலிருந்து, காற்று கிளம்புவதற்குள் எடுங்கள் என்று குரல் கொடுத்தார். யாரும் திரும்பவில்லை.

"உன்னை ஏத்த மாட்டேன்," என்றார் அண்ணன்.

"ஏன்?"

அவர் ஹெல்மெட்டை இருக்கையில் போட்டார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதல் அரக்கைச் சுரண்டியபோது சின்னச் சின்னச் சிவப்புத் துகளாக அவர் கைமேல் விழுந்தது. இரண்டாவதைச் சுரண்டும்போது மூக்கை உறிஞ்சினார். அக்கா போய் இறக்கை நுனிக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நானும் மறுபக்கம் பிடித்தேன். நான்கையும் கழற்றி அக்காவின் கைக்குட்டையில் போட்டார்.

இருநூறு மணி நேரமும் ஓடட்டும் என்று கட்டையை வாளியோடு அப்படியே லேபுக்குத் திருப்பி எடுத்துப் போய் வைத்தேன். திங்கட்கிழமை அவருடைய மருத்துவச் சான்று காலாவதியானது. அன்றே நான்கு போல்ட்டுகளையும் காந்தம் ஏற்றி, விரிசலில் ஒட்டும் தூள் தூவிப் பார்த்தேன். நான்கிலும் ஒன்றுமில்லை. அக்காவிடம் சொன்னபோது, "அவர்கிட்ட மறைக்காம சொல்லிடு," என்று மட்டும் சொன்னார். போன் செய்து சொன்னேன். அண்ணன், சரி தம்பி என்று வைத்துவிட்டார். அந்த இரண்டு நாள் அக்கா மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனார். வீட்டில் இருவரும் எப்படி இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை பதினொன்றேகால் மணிக்கு லேபில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஜன்னல் பக்கம் நின்றிருந்த நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். வாளி துள்ளி விழுந்து உருண்டது, அதன் அடியில் உள்ளிருந்து ஒரு புடைப்பு. போல்ட்டின் தலை மேஜைக் காலடியில் கிடந்தது. யாரும் தொடவில்லை, யாரும் முறுக்கவில்லை. நூற்றுப் பதினெட்டே முக்கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, தானாக உடைந்திருந்தது.

அக்கா ஓடி வந்தார். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இழுபட்டுக் கிழிந்த எஃகு போல இல்லை. சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பொடிப் பொடியாக மின்னியது. பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எல்லோரும் பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு துண்டையும் வீட்டில் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாராம். எப்போது என்று கேட்டிருக்கிறார். பதினொன்றேகால் என்றிருக்கிறார். அண்ணன் கணக்குப் போட்டார். புதன்கிழமை டிப்போவில் அவருக்கு விடுமுறை. சான்று முடிந்தாலும் ஒரு தடவை பறந்த கை சும்மா இருந்திருக்காது, அந்த நேரம் நான் மேலேதான் இருந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்கு அண்ணனைத் தனியாக அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. எனக்குத் தெரிந்த மருத்துவமனை என்பதால் நானும் போனேன். டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அண்ணன் மேலிருந்து நான்கு வரி படித்தார். ஐந்தாவதில் நின்றார்.

டாக்டர் அவசரமில்லை, முயற்சி பண்ணுங்கள் என்றார்.

அண்ணன் மூடிய கையை எடுத்தார். "கீழ ரெண்டு வரியும் எனக்கு மனப்பாடம் டாக்டர்," என்றார். "போன ரெண்டு தடவையும் அப்படித்தான் சொன்னேன். ஆனா தெரியல. எழுத்தே தெரியல."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். இருபத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தவருக்கும் அது தெரியாது.

ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார். கிளப்பில் ஒரு நல்ல பையன் இருக்கிறான், புது போல்ட்டு வந்ததும் அவனைக் கேட்கலாம் என்று என்னிடம் சொன்னார். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு நேராக உலைக்குக் கொண்டு வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் தானாகவே சொன்னார். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது.

அக்கா அவர் முழங்கையைப் பிடித்தார்.

"படி உயரமா இருக்கு," என்றார். "பாத்து ஏறுங்க."